தண்ணீர் மட்டும் போதாது

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் சுருட்டப்பள்ளி. அதன்பின் நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் என்று சாலை திருப்பதிக்குப் போகிறது. சென்னையிலிருந்து ஏழுமலையானைப் பார்க்கப் போகிற வேன்களும் பஸ்களும் இரவு பகலாக இந்த வழியில் ஓடும். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர். இங்கே பிச்சாட்டூரில் ஷெட் போட்டு டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். டிராக்டர், லாரி, வேன் என்று எது வந்தாலும், இன்ஜின் ஆறியிருந்தால் நான் முதலில் திறந்து பார்ப்பது ரேடியேட்டர் மூடியைத்தான்.

மூடியின் அடிப்பக்கம் நிறையச் சொல்லும். செம்மண் நிறத்தில் சேறு ஒட்டியிருந்தால் பிளாக்குக்குள் துரு ஓடுகிறது. வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஆயில் கூலரையோ சந்தேகப்பட வேண்டும். மஞ்சள் தூள் மணத்தால், ஒழுக்கை அடைக்க யாரோ சமையலறையிலிருந்து எடுத்துக் கொட்டியிருக்கிறார்கள். பச்சையோ சிவப்போ நீலமோ, கண்ணாடி மாதிரித் தெளிவாகத் திரவம் தெரிந்தால் மட்டும் மூடியைத் திருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்தில் "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்து" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் கிணற்று மேட்டில் நின்ற ஆயில் இன்ஜின்களுக்கு ரேடியேட்டரே கிடையாது. இறைக்கிற தண்ணீரில் ஒரு பங்கு மெல்லிய குழாய் வழியே இன்ஜினைச் சுற்றி ஓடிவிட்டு நெல் வயலுக்கோ வேர்க்கடலைக்கோ போய்விடும். கிணற்றில் நீர் இருக்கும் வரை இன்ஜினுக்குச் சூடு இல்லை. அந்த இன்ஜின்களைப் பிரிக்கும்போதுதான் என் மேஸ்திரி எனக்கு முதல் பாடத்தைக் காட்டினார். சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் அறை முழுக்க வெள்ளைப் பாறை. உளியால் தட்டித்தான் எடுக்க வேண்டும். "இந்தச் சுண்ணாம்பு இருக்கே, இது வந்து உக்காந்துச்சுன்னா இரும்புக்குப் போர்வை போட்ட மாதிரிடா. வெளியே தண்ணி ஓடும், உள்ளே இரும்பு வேகும்" என்றார். கடினநீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக, சூடு அதிகமுள்ள இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் வழியே சூடு கடப்பது இரும்பின் வழியே கடப்பதைவிட மிகவும் மெதுவாக நடக்கும். வேதியியல் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உளிபட்ட கைக்கு முன்பே தெரிந்துவிட்டது.

ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்கும் மக்கள் அதே பழக்கத்தைக் கொண்டுபோனார்கள். கிணற்று இன்ஜினில் ஓடிய தண்ணீர் திரும்பி வராது. ரேடியேட்டர் வண்டியில் இருப்பதோ அதே பத்து, பதினைந்து லிட்டர். அது இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயப் பற்று, ரப்பர் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிறது. வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்புள்ள தண்ணீர் நின்றால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அலுமினியம்தான் முதலில் கரையும். பழைய செம்பு ரேடியேட்டரில் தொட்டியை விளக்கு வைத்துக் கழற்றி, ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி எடுத்து மறுபடி ஈயம் வைக்கலாம். இப்போது வருகிற பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் அந்த வேலைக்கு இடமில்லை. அரித்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் லேத்துப் பட்டறையில் பயன்படுகிற சொல்யூபிள் ஆயிலைத் தண்ணீரில் கலந்து லாரிகளில் ஊற்றுவார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். துரு குறையும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஹோஸ் ஊதிப்போகும், குழாய்ச் சுவரில் எண்ணெய்ப் படலம் உட்கார்ந்து சூடு வெளியேறுவதைத் தடுக்கும். மஞ்சள் தூளும் அப்படித்தான். ஊசி முனை ஒழுக்கு நிற்கும். இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய தட்டைக் குழாய்களும் சேர்ந்தே அடைபடும். நடுவழியில் வீடு திரும்ப வேறு வழியே இல்லாதபோது செய்கிற வேலை அது. வீடு வந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும்.

"நம்ம ஊர்ல எங்கண்ணா பனி விழுது? கூலண்ட் எதுக்கு?" இந்தக் கேள்வி என் ஷெட்டில் ஓயாமல் கேட்கும். கூலண்ட் என்று டின்னில் விற்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அதோடு அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் கொஞ்சம். கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 36, 37 டிகிரி வரை உறையாது. பிச்சாட்டூருக்கு அது வேண்டாம்தான். ஆனால் அதே கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்குவதாக இருந்தால் சுமார் 125 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கொளுத்தும் வெயிலில் தார்ச்சாலை அனலாக வீச, தோத்தாபுரி மாங்காய் ஏற்றிக்கொண்டு சித்தூர்ப் பக்கத்துக் கூழ் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் டிராக்டருக்கு அந்த இடைவெளி வேண்டும். முழுச் சுமையோடு திருமலை ஏறுகிற வேனுக்கும் வேண்டும். இப்போது இறங்குவதற்குப் பயன்படும் மலைச்சாலை 1944இல் போட்டது. ஏறுவதற்கான இரண்டாம் சாலை பிறகு வந்தது. அந்த ஏற்றத்தில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக இழுக்கும்போது இன்ஜின் சூடு உச்சத்தில் இருக்கும், வண்டியின் வேகமோ குறைவு, முகப்பில் காற்று வீசாது. ஓரம் ஒதுங்கி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி கக்கும் வண்டிகளை அங்கே போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கொதிநிலையைவிடப் பெரிய காரணம் அந்த மருந்துகள். லாரி, டிராக்டர் இன்ஜின்களில் பெரும்பாலும் ஈர லைனர். லைனரின் வெளிச்சுவர் நேராகக் கூலண்டில் நிற்கும். பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் லைனர் அதிரும். அந்த அதிர்வில் சுவரை ஒட்டி நுண்ணிய ஆவிக் குமிழ்கள் உண்டாகி, உடனே உடைந்து சுவரைக் குத்தும். நாளாக ஆக ஊசியால் குத்தியதுபோல் துளைகள் விழும். ஒருநாள் துளை உள்ளே வரை போய்ச் சேரும், கூலண்ட் ஆயிலில் இறங்கும், டிப் ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் வெளுத்திருக்கும். ஹெவி டீசலுக்கான கூலண்டில் நைட்ரைட், மாலிப்டேட் போன்றவற்றைச் சேர்ப்பது லைனர் சுவரில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கத்தான். குமிழ் அந்தப் படலத்தைத் தின்னும், மருந்து மறுபடி படலம் போடும், லைனர் பிழைக்கும். தண்ணீர் ஊற்றி ஓட்டிய இன்ஜினின் லைனரைக் கழற்றித் துடைத்து வண்டிக்காரர் கையில் கொடுப்பேன். அவர் விரல் நுனி அந்தத் துளைகளைத் தடவும்போது எனக்கு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் மண்டலத்து இளைஞர் ஒருவர் தம் வேனோடு வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் காசிக்கும் பத்ரிநாத்துக்கும் கூட்டிப் போகப் போகிறார். சமையல் பாத்திரம், அரிசி மூட்டை, சமையல்காரர் சகிதம் போகிற யாத்திரை. வண்டியில் பின்சீட்டு வரை ஹீட்டர் குழாய் இழுத்திருந்தார்கள். வாங்கியதிலிருந்து யாரும் ஹீட்டரைப் போட்டதில்லை.

"ஹீட்டர்ல சூடே வரலண்ணா. கேஸ் ரொப்பணுமா?"

"அதுக்கு கேஸ் இல்ல தம்பி. இன்ஜின் சூடுதான் அதுக்கு அடுப்பு. உன் ரேடியேட்டர்ல ஓடுற தண்ணியேதான் பின்னாடி வரைக்கும் போய்ட்டு வருது" என்றேன்.

இப்படிச் சூடான நீரைக் குழாயில் சுற்றவிட்டுக் குளிர் போக்குவது வேறு இடத்திலும் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலத்திலும் கேரவன் வண்டியில் குடும்பத்தோடு தங்குகிறவர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றில் எரிவாயுவில் எரியும் ஒரு சிறிய கொதிகலன், கிளைக்கால் கலந்த நீரைச் சூடாக்கிச் சுவரோரக் குழாய்களில் சுற்ற விடும். ஸ்வீடனின் ஆல்டே நிறுவனம் அதற்குப் பேர்போனது. வழக்கமான கிளைக்கால் கலவையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் பழைய விதி. எங்கள் யாத்திரை வேனில் கொதிகலனுக்குப் பதில் இன்ஜின் இருக்கிறது, அவ்வளவுதான். குழாய், பம்பு, கிளைக்கால், காற்றடைப்பு, அரிப்பு எல்லாம் ஒன்றே. அங்கே கூலண்ட் மாற்றத் தெரிந்தவர் இங்கே மாற்றலாம், இங்கே கற்றவர் அங்கேயும் மாற்றலாம்.

பத்ரிநாத் 3,100 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். யாத்திரை தொடங்கும் மே மாதத்திலும் முடியும் நவம்பரிலும் இரவில் உறைபனி இறங்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒன்பது சதவீதம் அளவுக்குப் பெருக்கும். மூடிய இரும்பு அறைக்குள் அது பெருத்தால் பிளாக் வெடிக்கும், ஹீட்டரின் மெல்லிய குழாய் கிழியும். ஆகவே அந்த வண்டிக்குக் கூலண்ட் இல்லாமல் முடியாது. வேலையை நான் செய்து தருவதைவிட அவரையே செய்ய வைப்பது நல்லது என்று தோன்றியது. ரிஷிகேசத்துக்கு மேலே மலையில் ஹோஸ் கிழிந்தால் அவர்தான் அங்கே மேஸ்திரி. அவர் செய்தார், நான் பக்கத்தில் நின்று சொன்னேன். அந்த முறையையே இங்கே எழுதுகிறேன். எந்த டீசல் வண்டிக்கும் பொருந்தும்.

முதல் விதி, இன்ஜின் முழுக்க ஆற வேண்டும். இரவு நிறுத்திக் காலையில் தொடங்குவது உத்தமம். சூடான மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும், அதுவரை கொதிக்காமல் இருந்த திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். இந்தத் தொழிலில் கையிலும் கழுத்திலும் வெந்த தழும்பு உள்ளவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறிய பிறகும் துணி போட்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி, சீறல் நின்றபின் கழற்றுங்கள்.

ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் ஹீட்டர் வால்வு மூடியே இருந்து பழைய திரவம் பின்னால் தங்கிவிடும். ரேடியேட்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து, அகலமான தட்டு வைத்துப் பிடியுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு வடிகால் பிளக் இருக்கும். அதையும் திறந்தால்தான் இன்ஜினுக்குள் நிற்பது வரும். சேறு அடைத்திருந்தால் பிளக்கைக் கழற்றியும் சொட்டாது. ஒரு கம்பியால் கிளறினால் வழி விடும். வந்த திரவத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பிறகு தேவைப்படும்.

பிறகு கழுவல். சுத்தமான நீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். வருகிற நீர் தெளிவாகும் வரை இதைச் செய்ய வேண்டும். துரு அதிகமாக இருந்தால் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் ஃபிளஷ் திரவமோ சிட்ரிக் அமிலமோ போதும். கழிவறை கழுவும் ஆசிடை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது துருவோடு அலுமினியத்தையும் தின்றுவிடும். அதை வண்டிக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. கடைசிக் கழுவல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். போர் தண்ணீரில் கழுவி நிறுத்தினால் அதன் உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

எல்லாம் காலியாக இருக்கிற இந்த நேரத்தில் மற்றவற்றைப் பார்த்துவிடுங்கள். ஹோஸைப் பிசைந்து பாருங்கள். களி மாதிரி குழைந்தாலும் தவறு, மரக்கட்டை மாதிரி விறைத்தாலும் தவறு. கிளாம்புக்குக் கீழே வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு கசிவுத் துளை இருக்கும். அங்கே வண்ணக் கறை இருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. மூடியின் ரப்பர் வளையம் விரிந்திருந்தால் புது மூடி போடுங்கள். சில நூறு ரூபாய் மூடிதான் கொதிநிலையைப் பத்து, இருபது டிகிரி உயர்த்திக் கொடுக்கிறது. ரேடியேட்டர் செதில்களில் ஒட்டிய நெல் உமி, பஞ்சு, பூச்சிகளை இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுவதுபோல் மெல்லிய நீரால் கழுவுங்கள். அறுவடைக் காலத்து டிராக்டர்கள் கொதிப்பதற்குப் பாதிக் காரணம் வெளியே அடைத்திருக்கும் இந்த உமிதான்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி கொதித்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவது எங்கள் பக்கத்தில் பல ஷெட்களின் வழக்கம். பிடுங்கினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், சிலிண்டர் தேயும், டீசல் அதிகம் குடிக்கும், ஹீட்டரில் சூடு வராது. சில இன்ஜின்களில் பைபாஸ் வழி மூடாமல் போய், ரேடியேட்டருக்குப் போகாமலே திரவம் சுற்றிச் சுற்றிவந்து இன்னும் கொதிக்கும். அந்த இளைஞரின் வேனில் ஹீட்டர் வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான். முன்பு எங்கோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். புதியதை வாங்கிவந்து, போடுமுன் சோதித்தோம். ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து அடுப்பை மூட்டினோம். அதில் 82 என்று பொறித்திருந்தது. அந்தச் சூட்டில் மெல்ல வாய் திறந்தது. பார்த்துக்கொண்டிருந்த அவர் முகமும் தெளிந்தது. ஒரு பொருள் எதற்காக இருக்கிறது என்று கண்ணால் கண்டவர் அதைப் பிடுங்கி எறிய மாட்டார்.

இப்போது நிரப்புவது. கடையில் இரண்டு வகை இருக்கும்: தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட், கலந்து தயாராக வரும் ரெடிமிக்ஸ். கழுவிய பிறகு எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடிந்தது 8 லிட்டர் என்றால் உள்ளே 4 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதன்மேல் பாதிக்குப் பாதி ரெடிமிக்ஸ் 8 லிட்டர் ஊற்றினால், உள்ளே இருக்கிற கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குதான். பிச்சாட்டூருக்கு அது போதும். மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே தாங்காது என்பதால் காஷ்மீரில் ஆப்பிள் ஏற்றப் போகிற லாரிக்குப் போதாது. ஆகவே முதலில் கான்சென்ட்ரேட் 6 லிட்டரை ஊற்றி, மீதி 2 லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பாதிக்குப் பாதி சரியாக வரும். வடித்ததை அளந்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

"நல்ல பொருள்தானே, முழுக்க அதையே ஊத்திடலாமே?" என்று அவர் கேட்டார். ஊற்றக் கூடாது. தண்ணீர் கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். கூழாக ஓடும், சூட்டைச் சுமப்பதில் தண்ணீருக்கு ஈடாகாது. தண்ணீர் சூட்டைச் சுமக்கும், கிளைக்கால் எல்லைகளை விரிக்கும், மருந்து உலோகத்தைக் காக்கும். மூன்றும் வேண்டும்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இல்லை. டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 5759, கனரக டீசல் என்றால் ஏ.எஸ்.டி.எம். டி 6210 போன்றவை அச்சிட்டிருக்கும். வண்டிக் கையேடு எதைச் சொல்கிறதோ அதை வாங்குங்கள். சிலிக்கேட் வகையையும் கரிம அமில வகையையும் கலந்தால் மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும், சில நேரம் கூழாகத் திரளும். பழைய வகை இரண்டு மூன்று ஆண்டு தாங்கும், கரிம அமில வகை ஐந்து ஆண்டு வரை போகும். சாலையோரத்தில் வெறும் வண்ணத் தண்ணீரை டின்னில் அடைத்து விற்பதையும் பார்த்திருக்கிறேன். சில நூறு ரூபாய் மிச்சத்துக்கு ஆசைப்பட்டு, பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலையை விலைக்கு வாங்காதீர்கள்.

நிரப்பும்போது எதிரி காற்று. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். மெல்லிய தாரையாக ஊற்றுங்கள், நடுநடுவே மேல் ஹோஸைப் பிசைந்து விடுங்கள். தெர்மோஸ்டாட் கூட்டின் மேலோ ஹீட்டர் குழாயிலோ காற்றுத் திருகு இருந்தால் திறந்து வைத்து, குமிழில்லாமல் திரவம் வந்ததும் மூடுங்கள். பின்சீட்டு ஹீட்டர் உள்ள வேன்களில் குழாய் தரைக்கடியில் நெடுந்தூரம் போய் மேலே ஏறும், அந்த உச்சியில் காற்று உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொரு ஹீட்டர் பெட்டியையும் தனியாகக் காற்றிறக்க வேண்டும். கேரவன்காரர்கள் தங்கள் சுவரோரக் குழாய்களில் மூலைக்கு மூலை செய்வதும் இந்த வேலையைத்தான். பிறகு மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஐடிலில் ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். பின் ஹீட்டரில் கை வைத்தால் சூடான காற்று சீராக வர வேண்டும். அது வந்தால் குழாயில் காற்று இல்லை என்று பொருள். அடுத்த சில நாட்கள் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டம் பாருங்கள், கொஞ்சம் இறங்கும்.

வைகாசி வெயிலில் எங்கள் ஷெட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து சூட்டுக் காற்று வருகிறதா என்று அந்த இளைஞர் கை நீட்டிப் பார்த்தார். யாத்திரை முடிந்து வந்தபோது, "பெரியவங்க யாரும் குளிர்ல கஷ்டப்படலண்ணா. வழியில ஒரு ஹோஸ் போச்சு, நானே மாத்தினேன்" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது.

இனி, வடித்த பழைய திரவம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், மாடு குடிக்கும், கையில் கிடைத்தால் குழந்தையும் வாயில் வைக்கும். உடம்புக்குள் போனால் கிளைக்காலிக் அமிலமாகவும் ஆக்சாலிக் அமிலமாகவும் மாறி, கால்சியத்தோடு சேர்ந்து படிகங்களாகிச் சிறுநீரகத்தை அடைத்துவிடும். வளர்ந்த ஆளுக்கே நூறு மில்லி உயிரைப் பறிக்கலாம். முதல் சில மணி நேரம் குடித்தவர் போலத் தள்ளாடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் யாராவது குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்காகக் காத்திருக்காமல், டின்னையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நேரத்தில் போனால் மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றும். பழைய கூலண்டில் அதோடு ரேடியேட்டரிலிருந்து கரைந்த ஈயமும் செம்பும் இருக்கும்.

எங்கள் ஊர் ஆரணியாற்று அணை ஊர். இங்கே தேங்கி, திறந்துவிடப்படுகிற நீர் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் போய்ப் பழவேற்காட்டில் கடலைத் தொடுகிறது. 2020 நவம்பரில் நிவர் புயலின்போது பெய்ததுபோல் பெருமழை வந்தால், ஷெட் ஓரத்தில் கொட்டியதெல்லாம் வாய்க்காலில் இறங்கி ஆற்றுக்குத்தான் போகும். கிளைக்கால் மண்ணில் நாளடைவில் சிதைந்துவிடும் என்பது உண்மை. தண்ணீரில் சிதையும்போது அந்தத் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுதான் சிதைகிறது. ஈயம் சிதைவதே இல்லை. வழியெல்லாம் நெல்லுக்கும் குடிக்கவும் அந்த ஆற்றை நம்பி இருக்கிற ஊர்கள்.

என் ஷெட்டில் பழைய கூலண்டுக்குத் தனிக் கேன் வைத்திருக்கிறேன். "விஷம்" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, மூடி இறுக்கி, எட்டாத உயரத்தில் வைக்கிறேன். பழைய இன்ஜின் ஆயிலோடு கலப்பதில்லை. கலந்தால் இரண்டுமே மறுசுழற்சிக்கு உதவாமல் போகும். கேன் நிறைந்ததும் திருப்பதியில் கழிவுகளை முறையாக அனுப்புகிற ஒரு பெரிய சர்வீஸ் மையத்தில் பேசி, அவர்கள் கழிவோடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். எல்லாச் சிறு ஷெட்காரர்களாலும் இப்படி அலைய முடியாது. மண்டலத் தலைமையிடத்தில், பழைய ஆயிலுக்கும் பழைய கூலண்டுக்கும் பழைய பேட்டரிக்கும் ஒரு சேகரிப்பு இடத்தை அரசு வைத்துத் தர வேண்டும். ஊராட்சிகள் கேட்டால் நடக்கிற காரியம் இது.

வண்டிக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கூலண்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு முறையாவது அந்த வேலையை உங்கள் கையால் செய்யுங்கள். வடித்ததை மண்ணில் ஊற்றாமல் கேனில் அடைத்து வையுங்கள்.